ஜோடியாக ஆடியவருக்கே அம்மாவாக நடிப்பதா?

கேள்வி: எனக்கு 42 வயது. இருபது வருடமாக நடிக்கிறேன். முன்பு எனக்கு ஜோடியாக நடித்த கதாநாயகனுக்கே இப்போது அம்மாவாக நடிக்கக் கேட்கிறார்கள். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்! ஒருமுறை ஒப்புக்கொண்டால் அம்மா என்றே முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயம். மேனேஜர் நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத நடிகை

பதில்: தோழி, உங்கள் கோபம் நியாயமானது. ரஜினிகாந்த் பிறந்தது 1950-இல், ஸ்ரீவித்யா 1953-இல். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவருக்கு மனைவி; 1991-இல் 'தளபதி'யில் அம்மா. இடையில் இருவருக்கும் கூடியது அதே பதினாறு வயதுதான்!

ஆனால் அந்தத் 'தளபதி'யையே நினைத்துப் பாருங்கள். ரயில் சத்தம் கேட்டதும், கைவிட்ட பிள்ளையின் நினைவில் அந்த முகம் மாறுமே! மகனாக நடித்தவரின் வயதெல்லாம் அங்கே யாருக்கு ஞாபகம் வருகிறது? ஆகவே, அந்த அம்மாவுக்குப் படத்தில் என்ன வேலை என்று கேளுங்கள். 'லைன்' சொன்னால் போதாது, முழு ஸ்கிரிப்டையும் வாங்கிப் படியுங்கள். அவள் எடுக்கும் முடிவால் கதை எங்காவது திரும்புகிறதா? மகனுக்குச் சாப்பாடு பரிமாறுவதும், இடைவேளைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அழுவதும்தான் மொத்த வேலை என்றால், கால்ஷீட் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சண்டை வேண்டாம்.

முத்திரை பற்றிய பயம் வீணானதல்ல. ஒன்று ஓடினால், அடுத்து வருவதெல்லாம் அதே மாதிரிதான் வரும். அதனால் இதற்குக் கையெழுத்துப் போடும்போதே வக்கீலாகவோ வில்லியாகவோ வேறொரு வேடத்தையும் பேசி வையுங்கள். வெப் சீரிஸில் சின்ன வேடமானாலும் சரி. மலேசிய நடிகை மிஷெல் யோ 2023-இல் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு 60 வயது. அந்தப் படத்திலும் அவர் அம்மாதான், சண்டைக் காட்சிகளும் அவருக்குத்தான்!

போடாக்ஸ் உங்கள் சொந்த விருப்பம். போட்டுக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில் கணக்கை மட்டும் சொல்கிறேன். அந்த ஊசி தசையைத் தளர்த்தித்தான் சுருக்கத்தைக் குறைக்கிறது. பலன் மூன்று நான்கு மாதம் இருக்கும். குளோசப்பில் சந்தேகமும் எரிச்சலும் முதலில் தெரிவது புருவங்களுக்கு நடுவில்தான். அந்த இடம் அசையவில்லை என்றால் டைரக்டர் 'ஒன் மோர்' கேட்டுக்கொண்டே இருப்பார். போடுவதாக இருந்தால் தோல் மருத்துவரிடம், குறைந்த அளவில், படப்பிடிப்புக்கு மூன்று வாரமாவது முன்னால் போடுங்கள். பார்லர் பக்கம் போகவே வேண்டாம்.

அப்புறம் சம்பளம். அம்மா வேடம் என்றதும் நாள் கணக்கில் பேச ஆரம்பிப்பார்கள். படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள். உங்கள் வயதை வைத்து அவர்கள் விலையைக் குறைத்தால், இருபது வருட அனுபவத்தை வைத்து நீங்கள் ஏற்றலாம்.