பக்கத்துத் தெருப் பையன் எங்கே?

கேள்வி: இங்கிலாந்து கால்பந்து அணிகளில் இன்று எல்லா நிறத்தவரும் ஆடுகிறார்கள். நிறபேதம் அங்கே செத்துவிட்டது என்று சொல்லலாம்தானே? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: அவசரப்பட்டுப் பால் ஊற்றிவிடாதீர்கள். நிறைய மாறியிருப்பது உண்மைதான். விவ் ஆண்டர்சன் முதல் கறுப்பினத்தவராக இங்கிலாந்து அணிக்கு ஆடியது 1978-இல். இன்று அந்நாட்டின் உச்சப் போட்டியான பிரீமியர் லீக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கறுப்பின ஆட்டக்காரர்கள். ஆனால் 2021-இல் நடந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் கறுப்பின ஆட்டக்காரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரும் பெனால்டியைக் கோலாக்கவில்லை என்றதும், அன்றிரவே அவர்களுடைய செல்போனில் குரங்குப் படங்கள் வந்து விழுந்தன. சாகாவுக்கு அப்போது வயது 19.

சரி, அதை விடுங்கள். நான் கேட்பது வேறு. மைதானத்துக்குள் இருக்கும் பதினொரு பேரைப் பார்த்தது போதும். வெளியே வந்து தெருவைப் பாருங்கள்.

லெஸ்டர் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1972-இல் சர்வாதிகாரி இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை (இங்கிலாந்தில் ஆசியர் என்றால் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்தவர்) விரட்டியபோது, 'தயவுசெய்து எங்கள் ஊருக்கு வராதீர்கள்' என்ற கருத்தில் உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது அந்த நகரசபை. வந்தார்கள். பெல்கிரேவ் ரோட்டில் நகைக்கடை, புடவைக்கடை, இனிப்புக்கடை என்று வரிசையாகப் போட்டார்கள். அந்தத் தெருவின் தீபாவளியைத்தான் இன்று நகரசபை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 2021 கணக்கெடுப்பில் அந்த ஊரில் நூற்றுக்கு 43 பேர் ஆசிய வம்சாவளி.

2016-இல் உலகமே வாய்பிளக்க அந்த ஊர் அணியான லெஸ்டர் சிட்டி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. வழக்கமாக இறங்கிய பதினொருவரில் ஆசியர் உண்டா? உண்டு, ஷின்ஜி ஒகசாகி. ஜப்பானிலிருந்து வந்தவர்! அல்ஜீரியாவுக்கு ஆடும் மஹ்ரேஸ் இருந்தார், ஆஸ்திரியாவின் ஃபுக்ஸ் இருந்தார். பெல்கிரேவ் ரோட்டுப் பையன் இல்லை. பிற்பாடு பக்கத்து ஊரான லஃபரோவிலிருந்து ஹம்சா சௌத்ரி வந்தார். தாய் வழியில் வங்காளதேசம். ஒருவர்!

காரணம் கேட்டால் ரெடியாக வைத்திருப்பார்கள்: அவர்களுக்குக் கிரிக்கெட்தான் பிடிக்கும், அப்பா அம்மா டாக்டராக்கப் பார்ப்பார்கள், உடம்பு போதாது. உடம்பா? அதே லெஸ்டர் அணியின் நடுக்களத்தைத் தாங்கிய காண்டே ஐந்தரை அடி. விஷயம் வேறு. கிளப்புகளின் பயிற்சிப் பள்ளிகள் எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கின்றன. பொறுக்குகிறவர் தனக்குப் பழக்கமான லீக்குகளைத்தான் சுற்றிவருவார். ஆசியர்களோ, மற்ற இடங்களில் வசை வாங்கி அலுத்து, தங்களுக்கென்று தனி லீக் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் 'ஆளே இல்லை' என்று சொன்னார்கள். 1996-இல் இதைப் பற்றி வந்த ஆய்வறிக்கையின் தலைப்பே 'ஆசியர்களால் கால்பந்து ஆட முடியாது' என்ற கிண்டல்தான். 2005-இல் அடுத்தது வந்தது: 'ஆட முடியும், வீணாய்ப் போன இன்னொரு பத்தாண்டு.'

நம் பக்கத்துக்கும் வருகிறேன். வேல்ஸில் வளர்ந்த விமல் யோகநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் முதல் தமிழர் என்று எழுதினார்கள், நாமும் கொண்டாடினோம். தப்பில்லை. ஆனால் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழர்கள் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. விமல் இறங்கியது எந்த வருடம் தெரியுமா? 2024.