விரும்பி விட்ட வேலையா?

கேள்வி: பெண்களில் பலர் 50 வயதை ஒட்டித் தாங்களாகவே விரும்பி வேலையை விட்டுவிடுகிறார்கள். ஆண்கள் 58 வரை உழைக்கிறார்கள். அப்புறம் பெண்களுக்கு பென்ஷன் குறைவு என்று குறைப்பட்டுக்கொள்வதில் என்ன நியாயம்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: 'விரும்பி' என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்து வருவது அந்த ஒரு சொல்லைத்தான்.

பிரிட்டனில் 1940-இல் பெண்களுக்கு அரசு தரும் ஓய்வூதியத்துக்கான வயது 60 ஆனது, ஆண்களுக்கு 65. மனைவி பெரும்பாலும் வயதில் இளையவர், இருவருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பென்ஷன் கிடைக்கட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 2010 ஏப்ரலிலிருந்து பெண்களின் வயதைப் படிப்படியாக ஏற்றினார்கள். 60 என்பது 61 ஆனபோது, 60 வயதுப் பெண்களில் வேலையில் இருப்போர் விகிதம் சுமார் 7 சதவீதப் புள்ளி கூடியதாக லண்டனின் நிதி ஆய்வு நிறுவனத்தார் கணக்கிட்டார்கள். அந்தப் பெண்களின் கணவர்களிலும் கூடுதலானோர் வேலையில் நீடித்தார்கள். சட்டத்தில் ஓர் எண் மாறியதும் இத்தனை பேரின் 'விருப்பம்' மாறியிருக்கிறது.

அப்படியானால் வயதை ஏற்றினால் போதுமே என்பீர்கள். போதாது. ஆஸ்திரியா முன்கூட்டிய ஓய்வுக்கான வயதை ஏற்றியபோது, அதற்கு உள்ளான பெண்களிடையே வேலையில் இருப்போர் 11 புள்ளி கூடினார்கள். வேலையின்மை உதவித்தொகை வாங்குவோரும் 11.8 புள்ளி கூடினார்கள். உடம்பு ஒத்துழைக்காதவருக்கும், வேலை தர ஆள் இல்லாதவருக்கும் வயதை ஏற்றுவது காத்திருப்பை நீட்டுவதுதான்.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், சக பொருளாதார ஆய்வாளர் லாரன்ஸ் காட்ஸோடு சேர்ந்து அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்தார். 60-ஐத் தாண்டியும் வேலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நடுவயதிலும் வேலையை விடாதவர்கள். 50-இல் எடுப்பதாக நாம் நினைக்கும் முடிவு, பிள்ளைக்காகவோ படுத்த படுக்கையான மாமியாருக்காகவோ 30-இலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. நம் நாட்டின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம்.

இப்படி வேலையில் விழும் இடைவெளி பென்ஷனை எப்படித் தின்கிறது என்பதை உங்கள் ஊர் மில் பெண்ணின் பி.எஃப். கணக்கிலேயே பார்க்கலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995-இன் சூத்திரம்: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இதில் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். (2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500, இங்கே கணக்கு எளிதாக இருக்க 15,000 என்றே கொள்கிறேன்.) 22 வயதில் சேர்ந்து 58 வரை நிற்கும் ஆணுக்கு 36 ஆண்டு, 20 ஆண்டைக் கடந்ததற்காக 2 ஆண்டு கூடுதல். 38 ஆண்டுக்கு மாதம் 8,143 ரூபாய்.

அதே 22-இல் சேர்ந்த பெண் 31-இல் விட்டு, 40-இல் திரும்பி, 49-இல் மறுபடி விடுகிறார். சேவை 9-ம் 9-ம் 18. முதல்முறை விட்டபோது 10சி என்ற விண்ணப்பப் படிவம் கொடுத்து பென்ஷன் தொகையைப் பணமாக வாங்கியிருந்தால் அந்த 9 ஆண்டு அழிந்துபோகும். பாக்கி 9 ஆண்டுக்கு பென்ஷனே கிடையாது. குறைந்தது 10 வேண்டும் (9 ஆண்டு 6 மாதம் இருந்தால் 10 என்று எடுத்துக்கொள்வார்கள்). பணமாக வாங்காமல், பழைய சேவையைக் காக்கும் சான்றிதழான ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி, திரும்பிவந்தபோது புதிய கணக்கில் சேர்த்திருந்தால் 18 ஆண்டுக்கு 58 வயதில் மாதம் 3,857. 49-இல் விடாமல் 51 வரை தாக்குப்பிடித்தால் சேவை 20, கூடுதலோடு 22, பென்ஷன் 4,714. அந்த இரண்டு வருடத்துக்காவது வீட்டில் யாராவது பாரத்தைப் பங்குபோட்டிருந்தால், அவர் இருந்திருப்பார்.

ஆகவே ஐயா, உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் ராஜினாமா எழுத உட்கார்ந்தால், முதலில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து சேவை ஆண்டுகளை எண்ணச் சொல்லுங்கள். 10-க்கோ 20-க்கோ சில மாதங்களே பாக்கி என்றால், அதுவரை சமையலையும் மருத்துவமனை அலைச்சலையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். 50 வயதிலேயே பென்ஷன் கேட்கலாம் என்று யாராவது சொன்னால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு விழும், அந்த வெட்டு ஆயுள் முழுக்கத் தொடரும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.