பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டும்போது எதைச் சொல்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாதம் ஒரு ஞாயிறு காலையில் எங்கள் குடியிருப்புக்காரர்களையும் பிள்ளைகளையும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய் விளக்கிச் சொல்கிறேன். ஆண்டு, உயரம், மன்னர் வரிசை என்று பேசினால் யாரும் கவனிப்பதில்லை. நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்று யாராவது சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அது தவறு என்று மறுத்தால் முகம் சுண்டிப்போகிறது. பாதிப் பேர் வாராகி சந்நிதிக்கே போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பாதிப் பேரைப் பற்றி. அவர்களை உங்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து போனவர்களாக நினைக்காதீர்கள். பஞ்சமி அன்று வாராகி சந்நிதியிலும், வியாழக்கிழமை கருவூரார் சந்நிதியிலும் நிற்கிறவர்களுக்கு இந்த இடம் கும்பிடப் போகும் கோயில். யுனெஸ்கோ 1987-இல் பட்டியலில் சேர்த்தது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். சித்தர் கருவூரார் இந்தக் கோயிலின்மேல் பாடிய பதிகம் திருவிசைப்பா என்ற சைவப் பாடல் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே அந்தச் சந்நிதி உங்கள் விளக்கத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை, அதுவும் விளக்கத்தில் ஒரு நிறுத்தம்தான். முதல் அரை மணி நேரத்தைத் தரிசனத்துக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் எல்லோரும் மனசு நிறைந்து வந்து உட்காருவார்கள்.

நிழல் விஷயத்துக்கு மறுப்புப் பேச்சே வேண்டாம். காலையில்தானே போகிறீர்கள்? கோயில் கிழக்கு பார்த்தது. எட்டு மணி வாக்கில் எல்லோரையும் விமானத்துக்கு, அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்துக்குப் பின்னால், மேற்குப் பக்கம் அழைத்துப் போய் நிறுத்துங்கள். விமானத்தின் நீண்ட நிழல் அங்கே தரையில் கிடக்கும், பிள்ளைகள் அதன்மேல் நடக்கலாம். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? விமானம் மேலே போகப் போகக் குறுகும் கட்டடம். நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருக்கும் மாதங்களில், மேல் தளங்களின் நிழல் கீழ்த் தளங்களின் மீதே விழுந்துவிடும். தரைக்கு வருவது மிகக் கொஞ்சம். யாரோ ஒருவர் அந்த நேரத்தில் நின்று பார்த்துச் சொன்னதாக இருக்கலாம். இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு அவமானம் இல்லை, ஒரு புதிரை அவிழ்த்த சந்தோஷம்தான். உச்சிக் கல்லையும் அப்படியே சொல்லலாம். அது ஒற்றைக் கல் அல்ல, பல கற்களைப் பொருத்தி அமைத்தது. அந்த உயரத்தில் அவற்றை இணைப்பு தெரியாமல் பொருத்தினார்களே, அது சாதாரண வேலையா?

ஆனால் ஒரு வியப்பை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுப்பதற்கு இந்தக் கோயிலில் பஞ்சமே இல்லை. விமானத்தின் அடித்தளத்தில் ராஜராஜனின் ஆணை வெட்டப்பட்டிருக்கிறது. "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறார். அக்கன் என்பது குந்தவை. சத்தமாக ஒரு முறை படித்துக் காட்டுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பேரரசன் அக்கா வீட்டுக் கணக்கைப் பேசுவதுபோல் பேசுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடை, அதற்கு ஈடாக நாளுக்கு ஓர் உழக்கு (பழைய சிறிய முகத்தல் அளவு) நெய் என்ற கணக்கும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு. சோழமண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து இங்கே குடியேற்றிய 400 ஆடல் பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, நக்கன் என்ற முன்னொட்டோடு பெயர், முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவர் என்று வரிசையாகப் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் (பழைய தானிய அளவு) நெல். திருவாரூர், திருவையாறு என்று ஊர்ப் பெயர்கள் வரும்போது உங்கள் கூட்டத்தில் யாராவது "எங்க ஊரு" என்பார்கள். அங்கேயே நில்லுங்கள், அவசரப்படாதீர்கள். அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கல்வெட்டு "கொண்டுவந்து" என்கிறது, அவர்கள் மனதைச் சொல்லவில்லை. அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ராஜராஜன் பெருமையைக் காப்பாற்றுவது உங்கள் வேலை அல்ல.

அதேபோல இந்தக் கோயிலை ஒரே மன்னரோடு முடித்துவிடாதீர்கள். பெரியநாயகி அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. பெரிய நந்தியும் முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தவை. பிராகார மதிலில் இருக்கும் நீண்ட மராத்திக் கல்வெட்டு, பிற்பாடு தஞ்சையை ஆண்ட மராத்தியரான போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு. சென்னை மாகாணத்தில் 1939-இல் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை கோயில் வாசல்களைத் தாண்ட முடியாதவர்கள் இருந்தார்கள். உங்கள் கூட்டத்தில் சிலருடைய தாத்தா பாட்டிகளும் அவர்களில் இருக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் "நம் பாரம்பரியம்" என்று நாம் சொல்லும்போது அவர்கள் அதற்குள் இல்லாமல் போகிறார்கள். 2020 குடமுழுக்குச் சடங்கை எந்த மொழியில் நடத்துவது என்று வழக்கு நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தமிழ், சமஸ்கிருதம் இரண்டிலும் நடந்தது. இந்தப் பேச்சு எழுந்தால் அடக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள், நீங்கள் தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள். ஜனங்கள் ஓர் இடத்துக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றால் அது இன்னும் அவர்களுடையதாக இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சில்லறை விஷயங்கள்: இருபது பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. பத்து மணிக்கு மேல் தளக்கல் சுடும். அதனால் உட்கார்ந்து பேச வேண்டியதையெல்லாம் மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகை நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. கல்வெட்டு எழுத்தைப் பார்த்துப் படிக்க முடியாது என்று தயங்க வேண்டாம். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இந்தக் கோயில் கல்வெட்டுகளின் பாடம் அச்சில் இருக்கிறது. தளிச்சேரிப் பட்டியலில் ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் நகலெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.