சுகர் இருப்பவருக்குக் கொலஸ்ட்ரால் கூடினால் கண் பாதிக்குமா?

அப்பாவுக்குப் பத்து வருஷமாகச் சுகர், இப்போது கொலஸ்ட்ரால் 250, ஆனால் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

கொலஸ்ட்ராலுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆரம்பித்து வைப்பது சுகர்தான். அது பல வருஷம் ஏறியே கிடந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியத் தொடங்கும். பிரஷரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கசிந்த நீர் மெல்ல வற்றிவிடும். கூட வந்த கொழுப்பும் புரதமும் அங்கேயே தங்கிவிடும். படத்தில் பார்த்தால் ஆரஞ்சு நிற விழித்திரையில் மெழுகு சொட்டியதுபோல மஞ்சள் புள்ளிகள். சிலருக்குக் கசியும் இடத்தைச் சுற்றி வளையமாகவே நிற்கும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு இந்தப் படிவு அதிகம் என்பது அமெரிக்காவின் இ.டி.டி.ஆர்.எஸ். ஆய்வில் தெரியவந்தது. நடுவில் இருக்கும் மாக்குலாவுக்கு வந்தால்தான் எழுத்து மங்கும். ஓரத்தில் இருக்கிறவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் 'பார்வை நன்றாக இருக்கிறது' என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

(இமையோரம் மஞ்சளாகத் தடித்திருப்பதைக் காட்டி 'இதுவா சார்?' என்று கேட்பவர்கள் நிறைய. அது தோலில் படிந்த கொழுப்பு. விழித்திரையில் வருவது வேறு.)

மாத்திரை விஷயம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை கொடுப்பது முக்கியமாக இதயத்துக்கு. கண்ணில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். கண்ணுக்கென்று பேசப்படுவது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்புக்குக் கொடுக்கும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரை. 'ஃபீல்டு' ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான் கண்ணில் லேசர் தேவைப்பட்டது, சாப்பிடாதவர்களில் 4.9. 2010இல் வந்த 'அக்கார்டு' ஆய்விலும் விழித்திரை நோய் அதிகமானவர்கள் 10.2 சதவீதத்திலிருந்து 6.5 ஆகக் குறைந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 'ஃபீல்டில்' கிடைத்த பலனுக்கு ரத்தக் கொழுப்பு குறைந்தது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிட்னியைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாத மருந்து, கிட்னி வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறும்.

இப்போதைக்கு ஒருமுறை டிராப்ஸ் விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுங்கள், பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாவது. எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். டிராப்ஸ் விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பக்கத்து எழுத்து தெரியாது. அப்பாவைத் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாமல் நீங்களே கூட்டிப் போங்கள்.