ஊர் சுற்றியவரின் உபதேசம்

கேள்வி: ஐயா, போன வருடம் காலில் சக்கரம் கட்டாத குறை. சித்திரையில் நுவரெலியா, ஆடியில் கதிர்காமம், பிறகு பலாலியில் பிளேன் ஏறிச் சென்னை, மதுரை. ஐப்பசியில் மகளிடம் லண்டன். இப்போது வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடக்கும்போது இந்தச் சுகம் வேறெங்கும் இல்லை என்று படுகிறது. இளம் பிள்ளைகள் காசைக் கரைத்து ஊர் சுற்றுவது வீண் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?

— ஓய்வுபெற்ற அரச ஊழியர், கோண்டாவில், யாழ்ப்பாணம்

பதில்: எழுதமாட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டு எழும்பியவர், பந்தியில் இடம் பார்த்து நிற்பவனுக்கு விரதத்தின் மகிமை சொல்வது போல இருக்கிறது. அந்தச் சாய்மனைக் கதிரை முந்திய வருடமும் அதே விறாந்தையில்தான் கிடந்திருக்கும். அதில் சாய்ந்துகொண்டுதானே நுவரெலியாவுக்கு வான் பேசினீர்கள்? அலைந்து வந்த உடம்புக்குத்தான் அது சுகம்.

வீட்டுச் சுகம் எனக்கும் தெரியும். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வரும்போது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டபடி கிடப்பதற்கு எந்த ஹோட்டல் அறையும் ஈடில்லை. (எழும்பிக் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்கள் மன்னிக்க.) ஆனால் அந்தச் சுகத்தைத் தூக்கிப் பயணத்துக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறீர்களே, அதுதான் பொருந்தவில்லை.

வீட்டைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு போய், நினைத்த நாளில் வந்து திறக்கலாம் என்ற நிலை இங்கே எப்போது வந்தது? உங்கள் வயதுக்கு எல்லாம் நேரில் கண்டிருப்பீர்கள். போரால் 1990இல் நின்றுபோன கொழும்பு ரயில் யாழ்தேவி, யாழ்ப்பாண நிலையத்துக்கு மறுபடி வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் கொழும்புக்குப் போக, இங்கே புலிகளிடம் பாஸ், அதற்கொரு பிணை. பிறகு கிளாலிக் கடலில் இரவு வள்ளம், கடற்படை கண்டால் அவரவர் விதி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமப் பகுதி முழுவதுமே போருக்குத் தப்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோதும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் நடந்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை, கூரையும் இல்லை. 2002இல் தெற்கே போகும் ஏ9 வீதி திறந்தது, 2006 ஆகஸ்ட்டில் மூடியது. பிறகு கப்பலுக்கும் பிளேனுக்கும் படையினரின் அனுமதிக்காக வரிசை. நீங்கள் பலாலியில் ஏறிய சென்னை விமானம் 2019இல்தான் வந்தது. அதற்கு முன் எத்தனையோ வருடங்களாக, வடக்கே இருக்கும் சென்னைக்குப் போக, தெற்கே கொழும்புப் பக்கம் 400 கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்கினோம்.

எங்கள் தலைமுறை ஓடிய ஓட்டத்தில் பாதி வேறு வழியில்லாத ஓட்டம். சும்மா பார்க்கப் போய், சும்மா திரும்பி வருவது இந்த மண்ணுக்குப் புதிது. ஒரு பொடியன் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் மலைநாட்டு எல்ல ஊர் வரை போய்ப் படம் எடுத்து வருகிறான் என்றால், பெற்றோல் கணக்கு எனக்கு முன்னுக்கு வருவதில்லை. போகட்டும். கடன்பட்டுப் போனால் மட்டும் காதைத் திருகுவேன்.

இன்னொன்று. வீடே சொர்க்கம் என்பதை, வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறி, இன்றும் காணி படையினர் கையில் இருக்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பாதி ஆயுள் வாடகை வீட்டில் போய்விட்டது. சொந்த வளவு பஸ்ஸில் போகிற தூரம்தான், போனால் முள்வேலி. உங்களைவிடக் குறைந்த தூரம் போனவர்கள், இன்னும் வீடு வந்து சேரவில்லை. கதிரையில் சாய்ந்தபடி சொர்க்கத்தைப் பற்றிப் பேசுமுன் அவர்களையும் ஒருக்கால் நினைக்கலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். நீங்கள் கேட்டபடி நான் எழுதி, அதை உங்கள் மகளும் படித்து, காசைக் கரைத்து ஊருக்கு வருவது வீண் என்று லண்டனிலேயே இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?