பிடித்த ஊர் முதலிலா, கடைசியிலா?

கப்பல் பயணம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

பார்சிலோனாவில் கிளம்பி ஏதென்ஸில் முடியும் 10 இரவுப் பயணம் ஒன்று. அதே கப்பல் அடுத்த முறை ஏதென்ஸில் கிளம்பி பார்சிலோனாவில் முடிகிறது. பார்சிலோனா எங்களுக்கு உயிர். இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். ஏதென்ஸைப் பார்த்ததே இல்லை. கூடுதலாக நான்கு நாள் இருக்கிறது. எந்தத் திசையில் போவது?

பார்சிலோனாவில் தொடங்குங்கள். "பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்" என்றுதான் பலரும் சொல்வார்கள். கப்பல் பயணத்தில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவராது.

கப்பல் ஏறும் ஊருக்கு ஒரு நாளாவது, நீண்ட விமானப் பயணம் என்றால் இரண்டு நாளாவது முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இந்த நாட்களை எப்படியும் செலவழித்தே ஆக வேண்டும். ஆனால் முழுதாக அனுபவிக்க முடியாது. தூக்கம் கலைந்திருக்கும், பகல் மூன்று மணிக்குக் கண் சொக்கும். உடலின் உட்கடிகாரம் புதிய நேரத்துக்கு மாற, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். கிழக்கு நோக்கிப் பறந்து வந்தவர்களுக்கு இன்னும் சிரமம். அந்தக் கடிகாரத்தின் இயல்பான சுற்று பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம்.

இந்த அரைத்தூக்க நாட்களைப் பழகிய ஊர் தாங்கிக்கொள்ளும். வழி தெரியும், எந்தப் பகுதியில் தங்கலாம் என்று தெரியும், "இதைப் பார்க்கவில்லையே" என்ற பதற்றம் இருக்காது. பிடித்த தெருவில் நடந்துவிட்டு சீக்கிரம் படுத்துக்கொள்ளலாம். முதல்முறை பார்க்கும் ஊருக்கோ தெளிந்த தலையும் தெம்பான காலும் வேண்டும். ஏதென்ஸில் குன்றின் மேல் உள்ள பழைய கோட்டையான அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள். கோடையில் காலை எட்டு மணிக்கே மேலே நின்றால்தான் வெயிலுக்குத் தப்பலாம். பத்து இரவு கப்பலில் தூங்கி எழுந்தவர்களுக்கு அது சுலபம்.

பெட்டி விஷயம் ஒன்றும் உண்டு. விமானத்தில் பெட்டி தவறினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். நீங்கள் அதற்குள் கப்பலில் ஏறிவிட்டால், பெட்டி துறைமுகம் துறைமுகமாக உங்களைத் துரத்த வேண்டும். தொடக்கத்தில் இரண்டு இரவு தங்குவது இதற்கும் காப்பு.

ஆகவே பார்சிலோனாவில் இரண்டு இரவு, ஏதென்ஸில் இரண்டு இரவு. விமான டிக்கெட்டை இரண்டு ஒருவழி டிக்கெட்டாக வாங்காதீர்கள். தேடும்போது 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் போகும் ஊர் பார்சிலோனா, திரும்பும் ஊர் ஏதென்ஸ் என்று கொடுத்துப் பாருங்கள். நீண்ட தூரத்துக்கு அதுதான் பெரும்பாலும் மலிவு.

எங்கள் முடிவு மாறும் இடமும் உண்டு. பிடித்த ஊரில் நிறையச் சாமான் வாங்கும் எண்ணமிருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். வாங்கியதைப் பத்து நாள் சின்ன கேபினில் வைத்து மாளாது.

கப்பல் மாலை ஐந்துக்குத்தான் கிளம்புகிறது. விமானம் காலை பத்துக்கே இறங்கிவிடும். முந்தின நாளே போய் ஓட்டல் செலவு செய்யத்தான் வேண்டுமா?

வேண்டும். ஐந்து மணி என்பது கப்பல் நகரும் நேரம். ஏறும் வாசல் அதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே மூடப்படும். பயணிகள் பட்டியலை இறுதி செய்து அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதால், பிறகு வந்து கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள். ஆக உங்கள் கெடு மூன்றரை மணி. குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது, துறைமுகம் போவது என்று மூன்று மணி நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். இணைப்பு விமானம் ஒன்று தவறினாலே அது போய்விடும்.

தவறவிட்டவர்கள் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய் ஏற வேண்டும். அந்த நாட்டு விசா இல்லாவிட்டால் அதுவும் முடியாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது அது வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளிலிருந்து தொடங்குகிறதா, 'புறப்பாடு தவறினால்' என்ற பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெனிஸில் முடியும் பயணம் ஒன்றைப் பார்த்தோம். கப்பலிலிருந்தே வெனிஸைப் பார்த்துக்கொண்டு நுழையலாம் என்று ஆசை.

பணம் கட்டும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கப்பல்கள் நகரின் சான் மார்கோ சதுக்கத்தின் முன்பாகவும் கியூதெக்கா கால்வாயிலும் போகத் தடை. சில கப்பல்கள் எதிர்க்கரையில் உள்ள தொழிற்பகுதியான மார்கெராவுக்கு வருகின்றன. பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ நிற்கின்றன. இரண்டும் வெனிஸிலிருந்து சுமார் 150 கி.மீ. பயணத் திட்டத்தில் "வெனிஸ்" என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் சின்னதாக ரவென்னா என்று இருக்கும்.

இது வெனிஸோடு நிற்பதில்லை. ரோம் என்றால் சிவித்தாவெக்கியா, சுமார் 75 கி.மீ. லண்டன் என்றால் பெரும்பாலும் சவுதாம்ப்டன், சுமார் 130 கி.மீ. பாரிஸுக்கு லெ ஹாவ்ர், ஏறத்தாழ 200 கி.மீ. பாங்காக்குக்கு லெம் சபாங், 120 கி.மீ.க்கு மேல். பெர்லினுக்கு வார்னமுண்டே, 200 கி.மீ.க்கும் அதிகம். சிட்னி, வான்கூவர் போன்ற ஊர்களில்தான் கப்பல் நகரின் நடுவிலேயே வந்து நிற்கும்.

துறைமுகம் தள்ளி இருந்தால் அந்த ஊரைக் கடைசியில் வைப்பதே மேல். கப்பலைப் பிடிக்கும் அவசரத்தோடு 150 கி.மீ. போவது வேறு, கப்பலிலிருந்து காலையில் இறங்கி, மதியத்துக்குள் சாவகாசமாக ஊர் சேர்வது வேறு. நிறுவனமே பஸ் விடுகிறதா, அதில் ஊருக்குள் இறக்கிவிடுவார்களா, விமான நிலையத்தில் மட்டும்தானா என்பதையும் கேட்டுவையுங்கள்.

கடைசி நாள் காலை எப்படி இருக்கும்? அன்று மதியமே விமானம் ஏறலாமா?

முந்தின இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெரிய பெட்டிகளை, அவர்கள் தரும் வண்ண அட்டையைக் கட்டி, கேபின் வாசலில் வைக்க வேண்டும். கப்பல் விடியலில் துறைமுகம் சேரும். காலை எட்டு வாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள். அட்டையின் நிறப்படி கூப்பிடுவார்கள். கரையில் உள்ள கூடத்தில் அதே நிறப் பகுதியில் பெட்டி இருக்கும். ஒன்பதரைக்குள் கிட்டத்தட்ட எல்லோரும் இறங்கியிருப்பார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, மறுநாள் போடும் உடையையும் செருப்பையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுவது. மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு செட் உடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால் முதலில் விடுவார்கள்; உதவிக்கு ஆள் வராது.

விமான நிலையம் பக்கத்தில் என்றால் நண்பகலுக்குப் பிறகு, துறைமுகத்திலிருந்து தள்ளி என்றால் பிற்பகல் இரண்டுக்குப் பிறகு கிளம்பும் விமானமாக எடுங்கள். மூடுபனி இறங்கினால் கப்பல் வெளியிலேயே காத்து நிற்கும். டெக்ஸாஸின் கால்வெஸ்டன், புளோரிடாவின் டாம்பா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் இது வழக்கம். ஊரிலேயே தங்குவதாக இருந்தால் எட்டரைக்கு வெளியே நிற்பீர்கள், ஓட்டல் அறையோ மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டுச் சுற்றலாம். அன்று என்ன கிழமை என்பதைப் பார்த்துவிடுங்கள். ஞாயிறன்று ரோமில் இறங்கினால், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும். இஸ்தான்புல்லில் தோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை.

ரைன் நதியில் ஆம்ஸ்டர்டாம், பாசல் இரண்டுக்கும் நடுவே ஒரு வாரப் பயணம். ஆம்ஸ்டர்டாமில் துலிப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கிய ஆசை.

அப்படியானால் திசையை முடிவு செய்ய வேண்டியது காலண்டர். கியூக்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் பிற்பாதியில் திறந்து மே நடுவில் மூடும். பொதுவாக ஏப்ரல் நடுவில்தான் பூ உச்சம். ஏப்ரல் 7-இல் ஆம்ஸ்டர்டாமில் கிளம்பினால் சற்று முன்னதாகவே பார்த்துவிடுவீர்கள். அதே நாள் பாசலில் கிளம்பினால் 14-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் இறங்குவீர்கள். மே முதல் வாரம் என்றால் நேர்மாறு: ஆம்ஸ்டர்டாமில் தொடங்குங்கள், ஒரு வாரம் கழித்து வந்தால் வயலில் பூவைக் கொய்து முடித்திருப்பார்கள்.

துலிப் காலம் இல்லாவிட்டால் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குவதையே சொல்வோம். காரணம் நீரோட்டம். ரைன் பாசலிலிருந்து வடக்கே ஓடுகிறது. கோப்லென்ஸுக்கும் பிங்கனுக்கும் நடுவேயான 65 கி.மீ. பள்ளத்தாக்கில்தான் கோட்டைகள் அடுத்தடுத்து வருகின்றன. 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. எதிர்நீரில் ஏறும் கப்பல் அங்கே மெதுவாகத்தான் போகும். நீரோட்டத்தோடு இறங்கும் கப்பல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் கடந்துவிடும். பார்க்கக் கிடைக்கும் நேரமே பாதியாகிவிடுகிறது.

கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் தண்ணீர் குறைவது உண்டு; 2018, 2022 இரண்டு ஆண்டிலும் மோசம். கௌப் என்ற இடத்தில் ஆழம் போதாமல் போனால் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். கப்பல் நிற்கும் ஒரு நாளை மட்டும் நம்பாமல், பிடித்த ஊரில் தனியாக ஓட்டல் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் அதைத் தொடாது. சில நதிக் கப்பல்கள் கடைசி இரவு ஊரிலேயே கட்டி நிற்கும். புடாபெஸ்டில் முடியும் பயணங்களில் இது அடிக்கடி உண்டு. ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம், விளக்கொளியில் நாடாளுமன்றக் கட்டடத்தைக் கேபினிலிருந்தே பார்க்கலாம்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? பிடித்த ஊரில் கூடுதலாகத் தங்குவதால் ஏதாவது மாறுமா?

மாறலாம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். பார்சிலோனாவில் நான்கு நாள் சேர்த்ததும் கணக்கு இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குத் தாவிவிடக்கூடும். ஆகவே ஓட்டல் நாட்களை முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

நுழைவு எண்ணிக்கையையும் பாருங்கள். ஏதென்ஸில் தொடங்கி கிரேக்கத் தீவுகள் வழியாக இஸ்தான்புல்லில் முடித்து வீடு திரும்பினால் ஒரு நுழைவு போதும். நடுவில் துருக்கியின் குசாதசியில் நின்றுவிட்டு மறுபடி கிரேக்கத் தீவுக்குப் போகும் கப்பல் என்றால் பலமுறை நுழையும் விசா வேண்டும். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, மான்டினீக்ரோ வெளியே. துருக்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது.

எங்களுக்குப் பிடித்த ஊர் கப்பல் வழியின் நடுவில் வருகிறது. அங்கேயே இறங்கிவிடலாமா?

முன்கூட்டி எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கினால் சில வழிகளில் முடியும். மீதி நாட்களுக்குப் பணம் திரும்பாது. அமெரிக்கத் துறைமுகங்களில் எச்சரிக்கை தேவை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டில் பதிவான கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை, நடுவே தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல், இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. சியாட்டிலில் ஏறி அலாஸ்காவின் ஜூனோவில் இறங்குவது இதனால்தான் முடியாது. அபராதத்தை உங்கள் தலையில் கட்டுவார்கள். சொல்லாமல் முதல் ஊரை விட்டுவிட்டு இரண்டாவது ஊரில் ஏறலாம் என்றும் எண்ண வேண்டாம். வராதவர் என்று குறித்து மொத்தப் பதிவையும் ரத்து செய்துவிடலாம்.

மத்தியதரைக் கடலில் நல்ல வழி உண்டு. எம்எஸ்சி, கோஸ்டா நிறுவனங்களின் வட்டப் பயணங்களில் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா என்று பல ஊர்களில் ஏறலாம். ஏறிய ஊரிலேயே வந்து இறங்குவீர்கள். உங்கள் ஊரும் அப்படி விற்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

நியூயார்க்கில் கப்பல் கிளம்பும்போது பார்ப்பது நல்லதா, வந்து சேரும்போதா? கேபின் எந்தப் பக்கம்?

கிளம்பும்போது. வந்து சேர்வது விடியலில். குளிர்காலத்தில் அது இருட்டு. மன்ஹாட்டன் துறையிலிருந்து ஹட்சனில் தெற்கே இறங்கும்போது நகரம் இடப்பக்கம், சுதந்திர தேவி சிலை வலப்பக்கம். வரும்போது பக்கம் மாறும். புரூக்ளினிலும் நியூஜெர்சியிலும் உள்ள துறைகளிலிருந்து காட்சி வேறு. எந்தத் துறை என்று தெரிந்த பிறகு கேபினைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் வேண்டும் என்றால் கப்பல் நகர்வதற்கு அரை மணி முன்பே மேல்தளத்தின் முன்பகுதியில் இடம் பிடித்துவிட வேண்டும்.