அடுத்தவர் ரசிக்கும் பாட்டு நமக்கு இரைச்சலாகப் பட்டால் என்ன செய்வது?

மகனுக்குக் கானா, அப்பாவுக்குக் கர்நாடக இசை, நடுவில் நீங்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்ற கேள்வியில்தான் வீட்டில் சண்டை மூள்கிறது என்கிறீர்கள்.

அதே கேள்வியை ஓர் அரசாங்கமே கேட்டுப் பார்த்திருக்கிறது. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒடுங்கின. செவ்வியல் இசைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. கேட்பவர்கள் திருந்தினார்களா? பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி என்ற தனி ஒலிபரப்பைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆர்மோனியத்துக்கும் அகில இந்திய வானொலியில் 1940 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் தடை இருந்தது. அந்தக் கருவியில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் நுணுக்கம், வராது என்பது ஒரு காரணம். காரணத்தில் பிழையில்லை, தடைதான் அபத்தம்.

காது பழக்கத்தின் பிள்ளை. ராகம் பழகியவர் அடுத்த வளைவுக்காகக் காத்திருக்கிறார். கானா பழகியவர் அடுத்த சொல்லடிக்காக.

"இதில் உங்களுக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். என் தாத்தாவிடம் கேட்டபோது, தோடி ராகத்தின் ஓர் அசைவை விரலால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்குத் தோடி இன்றும் அலுப்புதான். ஆனால் அவர் கேட்கும்போது குறுக்கே பேசுவதில்லை.

இரவு பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி அலறினால் அது ரசனைச் சிக்கலே அல்ல. அதைத் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள்.